இரண்டு 95 விழுக்காடுகள்: தோள்வலி, முழங்கைவலி மருத்துவத்தின் ஒரு வரலாறு

1910இல் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் தொடங்கிவைத்த கைரோபிராக்டிக் என்னும் சிகிச்சை முறைக்கு அவர் வகுத்த மூல நூல் அது. நோய்களுள் 95 விழுக்காடு முள்ளெலும்புகள் இடம் பிசகுவதால் வருவன, எஞ்சியவை உடலின் பிற மூட்டுகள் பிசகுவதால் வருவன என்பது அதன் மையக் கூற்று. தோளும் முழங்கையும் அந்த எஞ்சிய 5 விழுக்காட்டுக்குள் ஒதுங்கின.

1983இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற எலும்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் நீர், தோள் மூட்டைச் சூழ்ந்துள்ள தசைநாண்களில் நேரும் கிழிசல்கள் பற்றி எழுதினார். அக்கிழிசல்களுள் 95 விழுக்காடு, தோளின் கூரைபோல் அமைந்த எலும்பு முனை தசைநாண்மீது உரசித் தேய்ப்பதால் தொடங்குவன என்பது அவர் முடிவு. முதலாமவர் முறையான மருத்துவக் கல்வி இல்லாதவர். காந்த சிகிச்சை செய்து பிழைத்தவர். இரண்டாமவர் பேராசிரியர், தோள் அறுவையியலின் பெரும்புள்ளி. ஒருவரை மருத்துவ உலகம் போலி என்று விரட்டியது, மற்றவரைப் பாடநூலாக்கியது. எனினும் இரு 95களுக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் அருகருகே நிறுத்தி எண்ணியதால் கிடைத்த எண்கள் அல்ல அவை. தோள், முழங்கை ஆகியவற்றின் வலிக்கு மருத்துவம் செய்த வரலாற்றை இந்த ஒற்றுமையிலிருந்து வாசித்தால், அறிவியல் எதிர் போலி மருத்துவம் என்ற வழக்கமான கோடு பல இடங்களில் அழிந்துபோகிறது.

அக்கோடு முதலில் அழிந்த இடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. அங்கே எலும்பு கட்டும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவந்தன. ஆந்திரத்தின் புத்தூர்க் கட்டை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நூறாண்டுகளுக்கு முன்பே எப்சம் நகரின் சாரா மேப் என்ற பெண் இத்தொழிலில் பெரும்புகழ் பெற்றிருந்தார். ஹோகார்த் 1736இல் வரைந்த கேலிச் சித்திரத்தில் மருத்துவர் கூட்டத்துக்கு நடுவே இடம்பிடிக்கும் அளவுக்கு அப்புகழ் இருந்தது. சுளுக்கு, மூட்டு இறுக்கம், வலியுள்ள தோள், மடங்காத முழங்கை ஆகியவற்றோடு மக்கள் இவர்களைத் தேடிச் சென்றனர். அதற்குக் காரணமாக இருந்தது மருத்துவர்களின் சிகிச்சையேதான். அடிபட்ட மூட்டுக்குக் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைப்பது அன்றைய நெறி. கட்டை அவிழ்க்கும்போது காயம் ஆறியிருக்கும், மூட்டு இறுகியிருக்கும். அந்த இறுக்கத்தை எலும்பு கட்டுபவர் ஒரே திருகலில் உடைத்துவிடுவார். நோயாளி கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்.

1867இல் ஜேம்ஸ் பேஜட் இதனை வெளிப்படையாகப் பேசினார். எலும்பு கட்டுபவர்கள் குணப்படுத்தும் நோயாளிகள் என்ற பொருளில் அவர் ஆற்றிய விரிவுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தது. அவர்களால் நேரும் தீங்குகளைக் கண்டித்த பேஜட், அவர்களிடமிருந்து கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளுமாறும் மாணவர்களிடம் கூறினார். கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எதிர்பாராத வழியில் வந்தது. லண்டனில் பெயர்பெற்ற எலும்பு கட்டுபவரான ரிச்சர்ட் ஹட்டன் நோயுற்றபோது பீட்டர் ஹூட் என்ற மருத்துவர் கட்டணம் பெறாமல் சிகிச்சையளித்தார். அந்த நன்றிக்கு ஈடாகத் தம் கைமுறைகளைக் காட்டித் தர ஹட்டன் முன்வந்தார். ஹூட்டின் மகனும் மருத்துவருமான வார்டன் ஹூட் அவற்றைக் கற்று, ஹட்டன் இறந்த 1871இலேயே முதலில் லான்செட் இதழிலும் பின்னர் நூலாகவும் வெளியிட்டார்.

அந்நூலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வந்தவர் எவராயினும் எலும்பு இடம்விட்டு விலகியிருக்கிறது என்பதே ஹட்டனின் விளக்கம். பெரும்பாலும் எந்த எலும்பும் விலகியிருக்கவில்லை. ஒட்டிக்கொண்ட இழைகளே விடுபட்டன என்று ஹூட் விளக்கினார். கை சரியான வேலையைச் செய்தது. வாய் தவறான காரணத்தைச் சொன்னது. தவறான காரணத்தைச் சொன்னதற்காகக் கையின் வேலையையும் மருத்துவர்கள் மறுத்தனர். கை பலித்ததற்காகத் தவறான காரணத்தையும் மக்கள் நம்பினர். அடுத்த நூறாண்டு வழக்குகள் அனைத்திலும் இந்த இரட்டைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது.

விலை கொடுத்தவர்கள் சில வேளைகளில் மூன்றாம் மனிதர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கோலோச்சிய ஹெர்பர்ட் பார்க்கர் மருத்துவப் பட்டம் இல்லாதவர். அவரிடம் வந்தவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து உதவிய மருத்துவர் ஃபிரெடெரிக் ஆக்ஸ்ஹாம். தகுதியற்றவருக்குத் துணைபோனதாக 1911இல் ஆக்ஸ்ஹாமின் பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 1922இல் பார்க்கருக்கு அரசு சர் பட்டம் வழங்கியது. 1926இல் ஆக்ஸ்ஹாம் இறந்தார். அவர் பெயர் பதிவேட்டில் மீண்டும் சேர்க்கப்படவே இல்லை.

முழங்கைக்கு வந்தால், பெயரிலேயே வரலாறு இருக்கிறது. முழங்கையின் வெளிப்புறத்தில் தோன்றி, எதையும் பற்றித் தூக்கவிடாமல் செய்யும் வலியை 1873இல் ஜெர்மானிய மருத்துவர் ருங்கெ விவரித்தார். அவர் எழுதிக்கொண்டிருந்தது எழுதுவோர்க்கு வரும் கைப்பிடிப்பு பற்றி. அதாவது இந்நோய் மருத்துவ ஏட்டில் முதலில் நுழைந்தபோது அதன் துணைக்கருவி பேனா. மறு ஆண்டு விங்ஃபீல்டு புல்வெளி டென்னிஸ் ஆட்டத்துக்கான காப்புரிமையைப் பெற்றார். 1877இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது. 1882இல் ஹென்றி மோரிஸ் லான்செட்டில் குதிரையேறுவோரின் தொடைச் சுளுக்கைப் பற்றி எழுதும்போது டென்னிஸ் கை என்பதை ஒப்புமைக்குக் கொண்டுவந்தார். 1883இல் மேஜர் என்பவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டென்னிஸ் முழங்கை என்று எழுதினார். பெயர் அதன்பின் மாறவில்லை.

இந்நோயர்களுள் பெரும்பாலோர் மட்டையைத் தொட்டவர்கள் அல்லர். தச்சர், கொத்தனார், குழாய்த் தொழிலாளர், சமையலர், இறைச்சி வெட்டுபவர், துணி பிழிபவர், இன்று நாள் முழுதும் கணினிச் சுட்டியைப் பிடித்திருப்பவர் எனக் கையால் பற்றி முறுக்கும் எல்லோருக்கும் உரியது இவ்வலி. பத்து ஆண்டுக்குள் ஓய்வு வர்க்கத்தின் ஆட்டம் ஒன்று உழைப்பின் நோயைத் தன் பெயரால் எழுதிக்கொண்டது. இந்தியாவில் இப்பெயர் வீட்டுக்கு வீடு பரவியதற்கும் ஓர் ஆட்டக்காரரே காரணம்: 2004-05 காலத்தில் சச்சின் டெண்டுல்கரை ஆட்டத்திலிருந்து விலக்கி, லண்டனில் அறுவை செய்துகொள்ள வைத்தது இதுவே. அவரும் டென்னிஸால் இதைப் பெறவில்லை.

பெயர் நிலைத்த அளவுக்குக் காரணம் நிலைக்கவில்லை. எலும்புறை அழற்சி, நீர்ப்பை அழற்சி, நரம்பு நெருக்கம், மூட்டு மடிப்பில் சிக்கிய சவ்வு என ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைச் சொன்னது. 1979இல் நிர்ஷலும் பெட்ரோனும், மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசையின் நாண் தொடங்குமிடத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அங்கே அழற்சிக்குரிய உயிரணுக்களைவிட ஒழுங்கு குலைந்த இழைகளும் புதிதாய் முளைத்த நாளங்களும் இருப்பதைக் காட்டினர். வீங்கிய நாண் அன்று, சரிவர ஆறாத நாண் என்ற இன்றைய புரிதல் அங்கிருந்து வளர்ந்தது.

காரணம் தெரியாத அக்காலத்திலும் சிகிச்சை நடந்தது. எலும்பு கட்டுபவரின் திருகலும் அதனுள் நுழைந்தது. 1928இல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் மில்ஸ், மணிக்கட்டை மடக்கி, முன்கையை உட்புறம் திருப்பி, முழங்கையைச் சட்டென நீட்டும் முறையை வெளியிட்டார். இன்றும் உடலியக்க மருத்துவ மாணவர்கள் அதனை அவர் பெயராலேயே படிக்கின்றனர். 1936இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் சிரியாக்ஸ் இந்நோய் பற்றிய விரிவான கட்டுரையை எழுதினார். அதே ஆண்டில், அதே மருத்துவமனையில், முதிய பார்க்கர் எலும்பியல் அறுவை மருத்துவர்கள் முன் தம் கைமுறைகளைச் செய்து காட்டினார். ஸ்வீடன் நாட்டு மருத்துவ உடற்பயிற்சி மரபில் வந்த குடும்பம் சிரியாக்ஸுடையது. நாணின்மீது குறுக்காக ஆழ்ந்து தேய்த்து, பின் மில்ஸ் முறைப்படி நீட்டுவது அவர் வழி. மூட்டைக் கையாளுவதில் தேர்ந்தவராயினும் கைரோபிராக்டர்களைக் கடுமையாகச் சாடிவந்தார். தம் கட்டுரையில் அவர் குறித்துவைத்த ஒரு செய்தி அவருடைய எல்லா முறைகளைவிடவும் முக்கியமானது: எதுவும் செய்யாமல் விட்டாலும் இவ்வலி பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே அடங்கிவிடுகிறது.

தானே அடங்கும் வலியே கைராசிக்கு ஏற்ற நிலம். வலி உச்சத்தில் இருக்கும்போதே நோயாளி வருகிறார். உச்சத்துக்குப் பின் இறக்கமே இருக்கும். எட்டாவது மாதத்தில் வந்தவர் எவரிடம் வருகிறாரோ அவருக்கே புகழ் போய்ச் சேரும். எண்ணெய் தேய்த்தவர், ஊசி போட்டவர், நெட்டி எடுத்தவர், கத்தி வைத்தவர் ஆகிய அனைவரும் நேர்மையாகவே தம் முறை பலித்ததாக நம்பலாம். ஏமாற்று வேலை எதுவும் இதற்குத் தேவையில்லை என்பதுதான் இதன் சிக்கல்.

இந்தப் பின்னணியில்தான் பால்மரின் கதையை வைத்துப் பார்க்க வேண்டும். 1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில், தாம் தொழில் செய்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரும் பல்லாண்டுகளாகக் காது கேளாதவருமான ஹார்வி லில்லர்டு என்ற கறுப்பினத்தவரின் முதுகெலும்பில் ஒரு முள்ளை அழுத்திச் சரிசெய்ததாகவும் கேட்கும் திறன் திரும்பியதாகவும் பால்மர் கூறினார். கை, செயல் என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் புதிய கலைக்குப் பெயர் அமைந்தது. (கிரேக்கத்தின் கெயிர் தமிழின் கையை நினைவூட்டுவது ஒலித் தற்செயல் மட்டுமே.) எலும்பு விலகியிருக்கிறது என்ற ஹட்டனின் பழைய விளக்கம் இங்கே முழு உடலுக்குமான தத்துவமாக வளர்ந்தது. விலகிய முள்ளெலும்பு நரம்பைத் தடுக்கிறது, தடுக்கப்பட்ட நரம்பு நோயைத் தருகிறது என்றார் பால்மர்.

இத்தத்துவத்தில் தோள்வலிக்காரரின் நிலை விந்தையானது. கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையே வெளிவரும் நரம்பு வேர் நெருக்கப்பட்டால் தோளிலும் கையிலும் வலி பரவும் என்பது உண்மை. எந்த நரம்பியல் மருத்துவரும் அதனை ஏற்பார். ஆனால் தோள்வலிகளில் பெரும்பகுதி அவ்வாறு வருவதன்று. சுழல் தசைநாண்களின் தேய்வு, உறைந்த தோள், மூட்டுத் தேய்மானம், மேற்கை முன்தசை நாணின் சிதைவு என அவற்றின் இருப்பிடம் தோளிலேயே உள்ளது. பால்மரின் கணக்கில் 5 விழுக்காடாவது பிற மூட்டுகளுக்கு இருந்தது. அவருக்குப்பின் பள்ளியை நடத்திய மகன் பார்ட்லெட் ஜோசுவா பால்மர் படிப்படியாக முதுகெலும்புக்குள்ளும், 1930களில் கழுத்தின் உச்சிக்குள்ளும் கலையைச் சுருக்கினார். முதுகெலும்போடு மட்டும் நிற்க வேண்டும் என்ற தூய்மைவாதிகளுக்கும், மூட்டுகள், உடற்பயிற்சி, ஒத்தடம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்ட கலப்பாளர்களுக்கும் இடையே பெரும் பிளவு நேர்ந்தது. இன்று ஒரு கைரோபிராக்டர் முழங்கையைத் தொட்டுச் சிகிச்சை செய்கிறார் என்றால் அது அந்தக் கலப்பாளர் மரபின் வெற்றி. கலப்படம் என்று இகழப்பட்டதே தோள், முழங்கை நோயாளிகளுக்குப் பயன்பட்ட பகுதி.

வெளியே நடந்த போர் இன்னும் பெரிது. உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக மூத்த பால்மர் 1906இல் சிறை சென்றார். அடுத்த ஆண்டு விஸ்கான்சினில் ஜப்பானியரான ஷெகடாரோ மொரிகுபோ மீது தொடரப்பட்ட வழக்கில், கைரோபிராக்டிக் என்பது மருத்துவமே அன்று, தனிக்கலை என்ற வாதம் வென்று அவர் விடுதலையானார். நீதிமன்றத்தில் தப்பிக்க உதவிய அந்த வாதமே தத்துவத்தை மேலும் இறுக்கியது. மருத்துவத்திலிருந்து வேறுபட்டிருப்பது பிழைப்புக்கான கட்டாயமாயிற்று. 1913இல் கான்சஸ் முதல் உரிமச் சட்டத்தை இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா 1974 வரை காத்திருந்தது. இடையில் 1963இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி மருத்துவ ஒழிப்புக் குழு ஒன்றை அமைத்தது. கைரோபிராக்டிக்கை அடக்கி ஒழிப்பது அதன் முதன்மை நோக்கம். செஸ்டர் வில்க்கும் உடன் நின்றவர்களும் 1976இல் தொடர்ந்த வழக்கில், 1987இல் நீதிபதி சூசன் கெட்ஸென்டானர் சங்கத்தின் புறக்கணிப்பு சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு தொழில் போட்டிச் சட்டத்தின்கீழ் வந்தது. சிகிச்சை பலிக்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. அக்கேள்வி சிறையிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எண்பது ஆண்டுகள் கேட்கப்படாமலே கிடந்தது.

கேட்ட ஒருவர் பாஸ்டனில் இருந்தார். எர்னெஸ்ட் அமோரி காட்மன், தோள் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லத் தக்கவர். பாரிஸின் துப்ளே 1872இல் விவரித்திருந்த இறுகிய தோளுக்கு, 1934இல் தாமே செலவிட்டு வெளியிட்ட தோள் பற்றிய பெருநூலில் 'உறைந்த தோள்' என்ற பெயரைத் தந்தவர் அவரே. துப்ளே மயக்கநிலையில் மூட்டைத் திருகி விடுவிக்கச் சொன்னார். காட்மனோ, இந்நோயை வரையறுப்பதும் விளக்குவதும் மருத்துவம் செய்வதும் கடினம் என்று ஒப்புக்கொண்டு, நீண்டு இழுக்கும் நோயாளிகளும் இறுதியில் தேறிவிடுகின்றனர் என்பதையும் பதிவு செய்தார். (நீரிழிவு உள்ளவர்களை இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது என்பதால் இந்திய வீடுகளுக்கு இது நன்கு தெரிந்த நோய்.)

காட்மனின் பெரும் பிடிவாதம் தோள் அன்று, அட்டை. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை போட்டு, ஓராண்டு கழித்து அவரைத் தேடிப்பிடித்து, குணமானாரா, ஆகவில்லையெனில் ஏன் என்று எழுத வேண்டும் என்றார். 'இறுதி விளைவு' என்று அவர் அழைத்த இக்கருத்தைப் பெரிய மருத்துவமனைகள் விரும்பவில்லை. 1911இல் தாமே ஒரு சிறு மருத்துவமனையைத் திறந்து, 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளிடத்தில் நேர்ந்த 123 பிழைகளை அச்சிட்டு வெளியிட்டார். 1914இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். 1915 சனவரியில் பாஸ்டன் மருத்துவர் கூட்டத்தில் ஒரு கேலிச் சித்திரத்தைத் திறந்துவைத்தார்: செல்வரின் உருவமான தீக்கோழி மணலில் தலையைப் புதைத்துப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ள, மருத்துவப் பேராசிரியர்கள் பொறுக்குகின்றனர். அத்துடன் அவருடைய சமூக வாழ்வு முடிந்தது எனலாம். போலி மருத்துவரை விரட்டிய அதே தொழில், தன்னை எண்ணிப் பார்க்கச் சொன்னவரையும் விரட்டியது.

அதன் விளைவு சார்லஸ் நீரின் வழிவந்த அறுவையில் தெரிந்தது. உரசும் எலும்பைச் செதுக்கிவிடும் முறையை 1972இல் அவர் விளக்கினார். காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது, தீர்வும் நேரடியாக இருந்தது, நோயாளிகளும் தேறினர். இங்கிலாந்தில் மட்டும் 2000க்கும் 2010க்கும் இடையே இவ்வறுவை ஏறத்தாழ எட்டு மடங்கு பெருகியது. 2018இல் லான்செட்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு 313 பேரை மூன்றாகப் பிரித்தது: எலும்பு செதுக்கப்பட்டவர்கள், துளையிட்டு உள்ளே பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்கள், எதுவும் செய்யப்படாதவர்கள். செதுக்கியதற்கும் வெறுமனே பார்த்ததற்கும் வேறுபாடு இல்லை. ஒன்றும் செய்யாதவர்களைவிட இரு குழுவினரும் சற்றே மேல். அந்தச் 'சற்றே'யும் நோயாளி உணரத்தக்க அளவுக்குப் பெரிதன்று. இரண்டாவது 95 இங்கே ஆட்டம் கண்டது.

கைச் சிகிச்சையும் இதே தராசில் நிறுத்தப்பட்டது. 2002இல் நெதர்லாந்தில் 185 டென்னிஸ் முழங்கைக்காரர்களை ஆராய்ந்தபோது, ஆறு வாரத்தில் தேறியவர்கள் ஸ்டீராய்டு ஊசிக் குழுவில் 92 விழுக்காடு, உடலியக்கச் சிகிச்சையில் 47, காத்திருந்தவர்களில் 32. ஊசிக்கு அது கொண்டாட்டமான முடிவு. ஆய்வு அங்கே நிற்கவில்லை. ஓராண்டு கழித்து அதே வரிசையில் 69, 91, 83 என்று எண்கள் தலைகீழாயின. 2006இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரிடம் செய்த ஆய்விலும் ஊசியால் முதலில் தேறியவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்பியது. மூட்டைக் கையால் நகர்த்துவதோடு உடற்பயிற்சியும் பெற்றவர்கள் முதல் வாரங்களில் காத்திருந்தவர்களைவிட விரைவாகத் தேறினர். ஓராண்டு முடிவில் அந்த வேறுபாடு பெரிதும் மறைந்தது. தோளைப் பொறுத்தவரை, 2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் வழக்கமான மருத்துவத்துடன் கழுத்து, மேல்முதுகு, விலா மூட்டுகளுக்குக் கையாளல் சிகிச்சையும் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் பன்னிரண்டு வாரத்தில் முழுதும் தேறியதாகக் கூறினர், மற்றவர்களில் 21. கழுத்தும் மேல்முதுகும் தோளோடு தொடர்புடையவை என்ற பால்மர் மரபின் உள்ளுணர்வுக்கு இதில் ஓரளவு ஆதரவு உண்டு. விலகிய முள்ளெலும்பு என்ற விளக்கத்துக்கு இல்லை. அச்சிகிச்சையை அளித்தவர்களும் கைரோபிராக்டர்கள் அல்லர், கையாளலில் பயிற்சி பெற்ற உடலியக்க மருத்துவர்கள்.

ஆகக் கைக்கு ஒரு வேலை உண்டு. அது சிறிய வேலை. தானாக ஆறும் காலத்தைச் சற்றே சுருக்குவது, நோயாளி அஞ்சாமல் அசையத் துணைநிற்பது, தசைநாண் மெல்ல மெல்லப் பளு தாங்கப் பழகும்வரை உடன் வருவது. கைபேசித் திரைகளில் நெட்டி முறியும் ஓசையோடு லட்சக்கணக்கானோர் பார்க்கும் காணொளிகள் காட்டுவது முதல் நிமிடத்தை மட்டுமே. ஐம்பத்திரண்டாவது வாரத்தைப் படம்பிடிக்க எவரும் வருவதில்லை.

காட்மன் 1940இல் வறிய நிலையில் இறந்தார். கேம்பிரிட்ஜின் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்ட இடத்துக்கு நடுகல் இல்லாதிருந்தது. தோள் அறுவை பற்றிய அந்த பிரிட்டிஷ் ஆய்வு வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2014இல், அமெரிக்க அறுவை மருத்துவ அமைப்புகள் ஒன்றுசேர்ந்து அங்கே ஒரு கல்லை நட்டன.